வெயில் ஏறினால் மெத்தனால் இன்ஜெக்‌ஷன் ஏன் சொதப்புகிறது?

டர்போ காரில் ஆல்கஹால் இன்ஜெக்‌ஷன் மாட்டியவர்கள் கோடையில் சொல்லும் புகார் கிட்டத்தட்ட ஒன்றேதான். குளிர் மாதங்களில் அழகாக இழுத்த வண்டி, வெயில் 40 டிகிரியைத் தொட்டதும் நாக்கிங் அடிக்கிறது, சிக்னலில் நின்று கிளம்பும்போது திணறுகிறது, பெட்ரோல் போட நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. உடனே கன்ட்ரோலரைத் திருகி அளவைக் கூட்டுவார்கள், அப்புறம் பெரிய நாசில் வாங்குவார்கள், அதிலும் சரியாகவில்லை என்றால் பம்பையே மாற்றுவார்கள். பல நேரம் மூன்றுமே வீண் செலவு. வெப்பத்தில் முதலில் மாறுவது டேங்கில் இருக்கும் திரவம்தான், கருவிகள் அதற்குப் பிறகு. அதனால் தேடலைத் திரவத்திலிருந்தும், பம்புக்கு முன்னால் உள்ள உறிஞ்சும் பக்கத்திலிருந்தும் தொடங்க வேண்டும்.

## இது என்ன அமைப்பு

டர்போ காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. அழுத்தினால் காற்று சூடாகும். அந்தச் சூடான காற்றும் பெட்ரோலும் சிலிண்டருக்குள் மேலும் அழுத்தப்படும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடலாம். அதுதான் நாக்கிங். லேசாக இருந்தால் ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துச் சமாளிக்கும், பவர் குறையும். கடுமையாக அடித்தால் பிஸ்டன் உடையும், ஹெட் கேஸ்கட் போகும்.

ஆல்கஹால் இன்ஜெக்‌ஷன் என்பது, பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) ஏறும்போது மட்டும் மெத்தனாலையோ மெத்தனால்-தண்ணீர் கலவையையோ நுண்ணிய துளிகளாகக் காற்றுக்குழாயில் பீய்ச்சுவது. இதில் இரண்டு லாபம். துளிகள் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கின்றன: ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் போதும், மெத்தனாலுக்கு 1,100, தண்ணீருக்கு 2,200க்கும் மேல். இரண்டாவது, மெத்தனாலே நல்ல எரிபொருள், நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் ஆராய்ச்சி ஆக்டேன் அளவு 109 அருகே. தண்ணீர் எரியாது, ஆனால் தீயின் உச்ச வெப்பத்தைத் தணிக்கும்.

இது புதுச் சரக்கு அல்ல. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் போர் விமானங்களில் எம்டபிள்யூ 50 என்ற பெயரில் பாதி மெத்தனால், பாதி தண்ணீர், துருப்பிடிக்காமல் இருக்கச் சிறிதளவு எண்ணெய் என்ற கலவை இருந்தது. 1962ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரே தொழிற்சாலையிலிருந்து இப்படித்தான் வந்தது. அப்புறம் 1986, 87ல் வந்த ப்யூக் கிராண்ட் நேஷனல், 3.8 லிட்டர் வி6 டர்போ. அமெரிக்காவில் சாதாரண பங்க் பெட்ரோலிலேயே அந்த வண்டியை வேகமாக ஓட்ட நினைத்தவர்கள்தான் கார் பிரியர்களிடையே மெத்தனால் கிட்டைப் பிரபலப்படுத்தியவர்களில் முக்கியமானவர்கள். டெக்சாஸ், அரிசோனா வெயிலில் அவர்கள் பட்ட பாடுதான் இன்று நாம் பேசும் இந்தப் பிரச்சினை.

இடையில் ஒரு தெளிவு. இந்தியப் பங்க்குகளில் வரும் இ20, பெட்ரோலிலேயே 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அது வழக்கமான இன்ஜெக்டர் வழியாகவே போகிறது. இங்கே பேசுவது தனி டேங்க், தனி பம்ப், தனி நாசில் கொண்ட அமைப்பு.

பாகங்கள் அதிகமில்லை. டேங்க், ஃபில்டர், டயஃப்ரம் பம்ப் (பெரும்பாலும் 100 முதல் 250 பிஎஸ்ஐ வரை), பூஸ்ட்டைப் பார்த்து பம்பை ஓட்டும் கன்ட்ரோலர், நைலான் லைன், செக் வால்வ் (ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வ்) அல்லது சாலினாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வ்), கடைசியில் திரவத்தைப் பீய்ச்சும் நாசில்.

## வெயில் இரண்டு பக்கமும் இடிக்கிறது

முதல் இடி, தேவை கூடுவது. டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோகிறது, அதன் திறன் 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 25 டிகிரியில் உள்ளே போகும் காற்று 112 டிகிரியில் வெளியே வரும். 42 டிகிரியில் உள்ளே போனால் 134. வெளியில் 17 டிகிரி கூடினால் டர்போ வாயில் 22 டிகிரி கூடுகிறது. அதை ஆற்ற வேண்டிய இன்டர்கூலர் மேல் வீசும் காற்றும் சூடு. ஆக, நாக்கிங் வராமல் தடுக்க முன்பைவிட அதிகக் குளிர்ச்சி வேண்டும்.

இரண்டாவது இடி, அமைப்பின் கொடுக்கும் திறன் குறைவது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மெத்தனாலின் கொதிநிலை 64.7 டிகிரி. ஆனால் ஒரு திரவம் தொல்லை கொடுக்கக் கொதிநிலை வரை போக வேண்டியதில்லை, ஆவி அழுத்தம் ஏறினாலே போதும். ஆவி அழுத்தம் என்றால், திரவம் எந்த அளவு பலத்தோடு ஆவியாக மாறத் துடிக்கிறது என்பதன் அளவு. அது சுற்றியுள்ள அழுத்தத்தை எட்டினால் திரவம் கொதிக்கும். சுத்த மெத்தனாலுக்கு அது 20 டிகிரியில் காற்றழுத்தத்தின் 13 சதவீதம். 40 டிகிரியில் 35 சதவீதம். 60 டிகிரியில் 83 சதவீதம். வெயிலில் நின்று கிளம்பிய வண்டியின் பானெட்டுக்குள் 60 டிகிரி ஒன்றும் அதிசயமல்ல.

இப்போது பம்ப் என்ன செய்கிறது என்று பாருங்கள். அது தள்ளுவதற்கு முன்னால் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது அதன் வாயில் அழுத்தம் காற்றழுத்தத்துக்குக் கீழே இறங்கும். ஃபில்டர் அடைத்திருந்தாலோ, ஹோஸ் மெல்லியதாக நீளமாக இருந்தாலோ, பம்ப் டேங்குக்கு மேலே உட்கார்ந்திருந்தாலோ இன்னும் இறங்கும். 20 டிகிரியில் எவ்வளவு இறங்கினாலும் பெரிதாகத் தெரியாது, 87 சதவீதம் இடைவெளி இருக்கிறது. 60 டிகிரியில் இடைவெளி 17 சதவீதம்தான். கொஞ்சம் இறங்கினாலே பம்பின் வாயிலேயே மெத்தனால் கொதித்து நுரைக்கும். பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவியைக் கடைந்துகொண்டிருக்கும், சத்தம் மாறும், நாசிலில் அழுத்தம் விழும். பழைய கார்பரேட்டர் வண்டிகளில் மெக்கானிக்குகள் வேப்பர் லாக் என்று சொல்வார்களே, அதே நோய்தான் இங்கே வேறு குழாயில்.

பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் இது வெகுவாகக் குறைகிறது. அளவில் 50:50 கலவை 78 டிகிரி வாக்கில்தான் கொதிக்கத் தொடங்கும், 60 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பாதி. சுத்த மெத்தனால் ஊற்றி ஓட்டுபவர்களுக்கு வெயில் புகார் ஏன் அதிகம் என்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

## சந்தேகத்தை இரண்டாகப் பிரிக்கும் ஒரு சோதனை

எதையும் கழற்றுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். பம்புக்கும் நாசிலுக்கும் நடுவில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். நாசிலைக் குழாயிலிருந்து கழற்றி ஓர் அளவுக் குடுவைக்குள் விட்டு, டேங்கில் வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, வண்டி நன்றாகச் சூடான நிலையில் பம்பை அரை நிமிடம் ஓட்டி, அழுத்தத்தையும் வந்த அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வழக்கமாக ஊற்றும் கலவையோடு இதையே செய்யுங்கள். கலவையோடு செய்யும்போது என்ஜின் அணைந்து, திறந்த வெளியில், அருகில் தீயணைப்பானோடு. சூடான டர்போவுக்குப் பக்கத்தில் மெத்தனால் தெளிக்கக் கூடாது, குடுவையைத் தள்ளி வைக்க நீளமான லைன் போட்டுக்கொள்ளலாம். பேட்டரி வோல்டேஜ் இரண்டு முறையும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒப்பிட முடியாது.

1. தண்ணீரோடு அழுத்தம் நிலையாக நின்று, கலவையோடு மட்டும் ஆடினால் அல்லது விழுந்தால், கோளாறு ஆவி. உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள்.

2. இரண்டிலும் விழுந்தால், பம்போ மின்சாரமோ அடைப்போ.

3. இரண்டிலும் சரியாக நின்றால், பீய்ச்சும் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் கலவையின் விகிதத்திலோ, சென்சாரிலோ, நாசில் இருக்கும் இடத்திலோ, டியூனிலோ (ஈசியுவில் எரிபொருளுக்கும் டைமிங்குக்கும் போட்ட கணக்கு) இருக்கிறது.

தண்ணீர் மட்டும் வைத்து ஃபுல் பூஸ்ட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள். மெத்தனாலை எரிபொருள் கணக்கில் சேர்த்து டியூன் செய்த வண்டியில் அது எரிபொருள் குறைந்த மெலிந்த கலவையாகி, காப்பாற்ற நினைத்த பிஸ்டனையே தின்றுவிடும்.

அழுத்தம் விழுந்தால் எவ்வளவு குறையும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நாசில் விடும் அளவு, பம்ப் அழுத்தத்திலிருந்து பூஸ்ட்டைக் கழித்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 100 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு 375 மில்லி விடும் நாசில் என்று வையுங்கள். பம்ப் 150, பூஸ்ட் 20 என்றால் நிகரம் 130, கிடைப்பது 427 மில்லி. வெப்பத்தில் பம்ப் 100க்கு இறங்கினால் நிகரம் 80, கிடைப்பது 335. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது, அதுவும் தேவை கூடிய நாளில். கன்ட்ரோலர் திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும், ஏனென்றால் பல கிட்களில் கன்ட்ரோலர் பம்புக்குக் கட்டளை போனதைத்தான் காட்டுகிறது, திரவம் போனதை அல்ல.

## எந்த வரிசையில் தேடுவது

1. டேங்கில் இருப்பது என்ன. மூடியில் காற்றுத் துளை உள்ள டேங்க் வெயிலில் வாரக்கணக்கில் நின்றால், தண்ணீரைவிட மெத்தனால் வேகமாக ஆவியாகி, மிச்சமிருப்பது நீர்த்துப்போன கலவை. அமெரிக்காவில் இன்னொரு பொறி உண்டு. அங்கே பலர் குளிர்காலத்துக் கண்ணாடி துடைக்கும் திரவத்தையே ஊற்றுவார்கள், உறையாமலிருக்க அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மெத்தனால் இருக்கும். கோடையில் அதே கடையில், அதே நீல நிறத்தில், பூச்சி அழுக்கு நீக்குவதற்காக விற்கும் திரவத்தில் பெரும்பாலும் மெத்தனாலே இருக்காது. வாங்கி ஊற்றியவருக்கு வித்தியாசம் தெரியாது, என்ஜினுக்குத் தெரியும்.

ஹைட்ரோமீட்டர் போட்டு அடர்த்தி பார்க்கலாம். 20 டிகிரியில் 50:50 கலவை 0.93 காட்ட வேண்டும். ஆனால் வெயிலில் நின்ற டேங்கிலிருந்து எடுத்துச் சுடச்சுட அளக்காதீர்கள். 40 டிகிரியில் அதே கலவை 0.91 பக்கம் இறங்கும், அட்டவணையில் பார்த்தால் மெத்தனால் 55 சதவீதத்துக்கு மேல் இருப்பதுபோலத் தோன்றும். நீர்த்த கலவையைச் சரியான கலவை என்று நம்பவைக்கும் தவறு இது. ஆறவைத்து அளந்தால் முடிந்தது. இந்த ஒரு விஷயத்தைப் பார்க்காமல் மற்ற எதையும் தொடுவது நேர விரயம் என்பது என் கருத்து.

2. டேங்கிலிருந்து பம்ப் வரை. வெயில் கோளாறுகளின் தலைமையகம் இதுதான். மூடியின் காற்றுத் துளை தூசியால் அடைத்திருந்தால், பம்ப் உறிஞ்ச உறிஞ்ச டேங்குக்குள் வெற்றிடம் வரும், ஓட ஓட அழுத்தம் குறையும். ஓட்டம் முடிந்ததும் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் இதுதான் காரணம். துளையே இல்லாத மூடியில் வெயிலில் நிற்கும்போது நேரெதிராக ஆவி அழுத்தம் சேர்ந்து, திரவத்தை நாசில் பக்கம் தள்ளப் பார்க்கும். அடுத்து ஃபில்டர். அது பம்புக்கு முன்னால் இருந்தால் பெரியதாக, அடைப்பில்லாமல் இருக்க வேண்டும். ஹோஸ் மெத்தனாலில் ஊறி மென்மையாகி, வெப்பமும் சேர்ந்து, உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்வதும் நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் நன்றாகத்தான் தெரியும், பம்ப் ஓடும்போது விரலால் தொட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். பம்ப் டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே, ரேடியேட்டர் ஃபேன் காற்றும் எக்ஸாஸ்ட் சூடும் படாத இடத்தில் இருக்க வேண்டும். டர்போவுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது என்று அங்கே மாட்டியிருந்தால், வேறு எதையும் சந்தேகிப்பதற்கு முன் அதை இடம் மாற்றுங்கள். டேங்கும் பம்பும் டிக்கியில் இருந்தால் வெப்பத்தின் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்கிறது. ஆனால் பயணிகள் இருக்கும் பகுதிக்குள் ஆவி வராதபடி மூடிய டேங்கும், வெளியே போகும் காற்றுக்குழாயும் கட்டாயம்.

3. மின்சாரம். தாமிரம் சூடானால் அதன் மின்தடை கூடும், 40 டிகிரி உயர்வுக்கு ஏறக்குறைய 16 சதவீதம். மெல்லிய ஒயர், துருவேறிய எர்த், பழைய ரிலே, மோட்டாருக்குள் இருக்கும் சுருள் எல்லாம் சேர்ந்து சூட்டில் பம்பை மந்தமாக்கும். அதே நேரம் ஏசியும் ரேடியேட்டர் ஃபேனும் முழு வேகத்தில் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கும். பம்பின் முனையிலேயே மல்டிமீட்டர் வைத்து, பம்ப் ஓடும்போது அளக்க வேண்டும். பேட்டரிக்கும் அதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயரிங்கைச் சரிசெய்யுங்கள். சில பம்ப்களில் சூடானால் தானாக நின்று, ஆறினால் தானாக ஓடும் தடுப்பு உள்ளேயே இருக்கும். கடையில் சோதிக்கும்போது நன்றாக ஓடி, ரோட்டில் மட்டும் மறைந்து மறைந்து வரும் கோளாறு இப்படியும் இருக்கலாம்.

4. செக் வால்வும் நாசிலும். நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது தொல்லை என்றால் நேராக இங்கே வாருங்கள். என்ஜினை அணைத்ததும் கூலன்ட் ஓட்டம் நிற்கிறது, காற்றோட்டம் நிற்கிறது, பானெட்டுக்குள் வெப்பம் ஏறத் தொடங்குகிறது. லைனில் அடைபட்ட மெத்தனால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் விரிகிறது, அதன்மேல் ஆவியும் சேர்கிறது. எங்காவது போக வேண்டுமே, பலவீனமான செக் வால்வைத் தள்ளிக்கொண்டு நாசில் வழியாக இன்டேக்கில் (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) சொட்டுகிறது. ஸ்டார்ட் செய்தால் ஏற்கெனவே உள்ளே ஆல்கஹால் ஆவி நிறைந்திருக்கும், கலவையில் எரிபொருள் மிகுந்துபோய் என்ஜின் இருமும்.

கதை அதோடு முடியவில்லை. லைனில் திரவம் போன இடத்தில் இப்போது ஆவி. கிளம்பி முதல் தடவை முழுதாக மிதிக்கும்போது, பம்ப் முதலில் அந்த ஆவியை அழுத்தி நசுக்கிவிட்டுத்தான் திரவத்தை நாசிலுக்கு அனுப்ப முடியும். அந்த இடைவெளியில் பூஸ்ட் ஏறிவிட்டது, மெத்தனால் வரவில்லை, நாக்கிங். இரண்டாவது தடவை மிதித்தால் ஒன்றுமில்லை, எல்லாம் சரி. முதல் இழுப்பில் மட்டும் நாக்கிங் என்று லாகில் (ஓடும்போது ஈசியுவிலிருந்து எடுக்கும் பதிவு) தெரிந்தால், டியூனைத் தொடாதீர்கள். நல்ல செக் வால்வை நாசிலுக்கு மிக அருகில் போடுங்கள், லைனை டர்போவிலிருந்து விலக்கி, வெப்பம் தாங்கும் உறை போடுங்கள். ஐடிலிங்கில் இன்டேக் வெற்றிடம் திரவத்தை உறிஞ்சுகிற பழக்கமும் இருந்தால் சாலினாய்டு வைப்பது மேல்.

என்ஜின் அணைந்திருக்கும்போது கன்ட்ரோலரின் டெஸ்ட் பட்டனை அழுத்தி லைனை நிரப்பப் பார்ப்பவர்கள் உண்டு. நாசில் இன்டேக்கில் மாட்டியிருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. திரவம் சிலிண்டரில் தேங்கி, ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

5. லைனும் ஜாயிண்ட்டும். நைலான் லைன் மேல் அச்சடித்திருக்கும் அழுத்த அளவு அறை வெப்பத்துக்கானது, சூட்டில் அது இறங்கும். அழுத்திச் செருகும் ஜாயிண்ட்களில் உள்ள ஓ-ரிங் எந்த ரப்பர் என்று பாருங்கள். ஈபிடிஎம் மெத்தனாலில் தாக்குப்பிடிக்கும். விட்டான் என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, ஆனால் சாதாரண விட்டான் சுத்த மெத்தனாலில் வீங்கிவிடும். அலுமினியமும் துத்தநாகமும் கூட மெத்தனாலில் அரிக்கும், அந்த வெள்ளைப் பொடிதான் பிறகு நாசிலை அடைக்கிறது.

6. காற்று வெப்ப சென்சார். நாசிலுக்குப் பின்னால் நெருக்கமாக இருந்தால் ஆவியாகாத துளிகள் அதில் பட்டு, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், ஈசியு ஏமாந்து டைமிங்கை முன்னுக்குத் தள்ளும். டிராஃபிக்கில் நின்றால் உலோகச் சூட்டை உறிஞ்சி அதிகமாகக் காட்டும், ஈசியு தேவையில்லாமல் பவரைக் குறைக்கும். லாகில் வெப்பம் சட்டென்று 20, 30 டிகிரி விழுந்தால் மகிழ்ச்சியடையாமல் சென்சார் நனைகிறதா என்று முதலில் பாருங்கள்.

## அளவைக் கூட்டுவது ஏன் தீர்வாகாது

வெயில் அதிகம், ஆகவே அதிகமாகப் பீய்ச்சலாம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஓரளவு உண்மையும் கூட. ஆனால் அழுத்தம் விழுந்த அமைப்பில் பெரிய நாசில் போட்டால் அழுத்தம் இன்னும் விழும், துளிகள் பெரிதாகும். பெரிய துளி ஆவியாகாது, குழாய்ச் சுவரில் ஒட்டி வழியும். வி6 போன்ற என்ஜினில் வழிந்த திரவம் எல்லாச் சிலிண்டருக்கும் சமமாகப் போவதில்லை. ஒன்று நனைந்து மிஸ்ஃபயர் ஆகும், இன்னொன்று வறண்டு நாக்கிங் அடிக்கும். ஆக்சிஜன் சென்சார் இரண்டின் சராசரியைக் காட்டி எல்லாம் சுகம் என்று சொல்லும்.

மெத்தனாலுக்குச் சரியான காற்று-எரிபொருள் விகிதம் 6.4 ஒன்றுக்கு, பெட்ரோலுக்கு 14.7. சுத்த மெத்தனால் நிறையப் போனால் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்து டியூன் செய்திருப்பார்கள். அதாவது மெத்தனால் மீதான சார்பு இரட்டிப்பாகிறது: குளிர்ச்சிக்கும் அதுதான், எரிபொருளுக்கும் அதுதான். வெப்பத்தில் தடுமாறக்கூடிய ஒன்றின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரோட்டில் ஓடும் வண்டிக்கு 50:50 கலவையும், அதில்லாமலும் உயிர்பிழைக்கக்கூடிய டியூனும் போதும்.

வரிசை மாறட்டும்: முதலில் அழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் லாகில் நாக்கிங் இருந்தால், பூஸ்ட்டை ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறக்குங்கள். அதற்கும் பிறகே நாசில் அளவைப் பற்றி யோசியுங்கள்.

## ஃபெயில்சேஃப் இல்லாமல் கோடையில் ஓட்டலாமா

ஃபெயில்சேஃப் என்றால், மெத்தனால் வராதபோது என்ஜின் தானாகவே பூஸ்ட்டைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு. 1962 ஜெட்ஃபயரிலேயே இது இருந்தது. திரவம் தீர்ந்தால் பூஸ்ட் மட்டுப்படும். உரிமையாளர்கள் பலர் திரவம் ஊற்றவே மறந்தார்கள், கார் இழுக்கவில்லை என்று குறை சொன்னார்கள், ஆனாலும் அந்த ஏற்பாடு செய்ய வேண்டியதைத்தான் செய்தது. 2016 பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ்ஸில் ஆல்கஹால் கிடையாது, வெறும் தண்ணீர், 5 லிட்டர் டேங்க் டிக்கியில். என்ஜினை அணைத்ததும் லைனில் உள்ள தண்ணீர் டேங்குக்கே திரும்பிவிடும். அது உறைபனிக்காகச் செய்தது என்றாலும், சூட்டில் லைனுக்குள் எதுவும் அடைபடாமல் இருப்பது நமக்குப் பிடித்த பக்கவிளைவு.

நாமே மாட்டும் கிட்டில் மூன்று வகை உண்டு. டேங்க் மட்டம் காட்டும் சென்சார், லைன் அழுத்த சென்சார், ஓட்டத்தை அளக்கும் சென்சார். மட்டம் மட்டும் பார்ப்பது வெயில் கோளாறில் பயனற்றது, டேங்க் நிறைய இருக்கும்போதுதான் பம்ப் ஆவியைக் கடைகிறது. அழுத்தம் மட்டும் பார்த்தால் நாசில் அடைப்பு தெரியாது, அடைத்தால் அழுத்தம் கூடத்தான் செய்யும். ஓட்டமும் அழுத்தமும் சேர்ந்து இருந்தால்தான் நம்பலாம். அலாரம் விளக்கு எரிவது மட்டும் போதாது, அது பூஸ்ட் கன்ட்ரோல் சாலினாய்டை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். நாக்கிங் சேதம் ஓட்டுநர் விளக்கைப் பார்த்துக் காலை எடுக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

## மெத்தனாலைக் கையாள்வது

மெத்தனால் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. சுத்த மெத்தனால் 11, 12 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவி விடும், கோடை வெப்பத்தில் பாதி தண்ணீர் கலந்ததும் அந்த நிலைக்கு வந்துவிடும். தண்ணீரோடு முழுமையாகக் கலப்பதால் நிறையத் தண்ணீர் ஊற்றி அணைக்கலாம், உலர் பொடி தீயணைப்பானும் சரி. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும், உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். பியூட்டைல் ரப்பர் கையுறை போடுங்கள், வாயால் உறிஞ்சிக் குழாயில் எடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்த சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால்தான். இங்கே அதை வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும், காருக்குத்தான் என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள். உரிமம் இல்லாதவர் முன்னால் இருக்கும் வழி வெறும் டிஸ்டில்டு வாட்டர். ஆவி அழுத்தத் தொல்லை அநேகமாக இல்லை, தீப்பற்றாது, குளிர்ச்சியும் கிடைக்கும். மெத்தனால் தரும் கூடுதல் எரிபொருளும் ஆக்டேனும் கிடைக்காது, ஆகவே பூஸ்ட்டைக் குறைத்து, தண்ணீருக்கென்றே தனியாக டியூன் செய்துகொள்ள வேண்டும். நாசிலையும் ஓர் அளவு சிறியதாகப் போட்டுத் தொடங்குங்கள், தண்ணீர் அதிகமானால் தீயே அணைந்து மிஸ்ஃபயர் வரும்.